மூன்றாம் வார்டுச் சாவி

அத்தியாயம் பதினான்கு

மூன்று மாதப் பயிற்சியில் சவுரியம்மாள் எல்லாம் கற்றுக்கொண்டுவிட்டாள், பயப்படாமல் இருப்பதைத் தவிர. இன்று பரீட்சை. மாலை நான்கு மணிக்கு ஜெயில் சூப்பரிண்டெண்டு துரை பெண்கள் பக்கம் வந்து, புதிய வார்டரம்மாவை நேரில் சோதிப்பார். தேறினால் வேலை நிச்சயம். தேறாவிட்டால் வந்த வழியே வீட்டுக்குப் போகலாம்.

போகலாம் என்று எழுதுவது எனக்குச் சுலபம். அவள் எங்கே போவாள்? கணவன் ஆரோக்கியசாமி ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் காய்ச்சல் கண்டு இறந்ததும், கணவனின் அண்ணன் தேவசகாயம் குழந்தை சுந்தரியைப் பிரித்து அநாதை விடுதியில் சேர்க்கப் பார்த்ததும், அவள் தம்பி ரத்தினசாமி குறுக்கே நின்று இருவரையும் வேலூருக்கு அழைத்து வந்ததும் வாசகர்கள் அறிந்த கதை. ஈஸ்டருக்குள் சவுரியம்மாளுக்கு வேலை நிலைக்காவிட்டால் குழந்தையை நான் எடுத்துக்கொள்வேன் என்று தேவசகாயம் பாதிரியார் முன்னிலையில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஈஸ்டருக்கு இன்னும் ஒன்பது நாள்.

ஜெயில் வேலைக்கு ஆள் எடுப்பது லேசில்லை. ஐந்தடி உயரம் வேண்டும். தமிழ் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். பல்லைத் திறந்து பார்த்து, மூச்சை இழுக்கச் சொல்லிக் கேட்டு டாக்டர் சர்டிபிகேட் தர வேண்டும். உள்ளே இருக்கும் கைதி எவரும் தனக்கோ தன் வீட்டாருக்கோ வேண்டியவர் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். இவ்வளவும் ஆனபிறகுதான் மூன்று மாதப் பயிற்சி. அதில் ஒரு தவறு செய்தாலும் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

அவளுக்குப் பயிற்சி கொடுத்தவள் தலைமை வார்டர் நசீமுன்னிசா. ஜெயிலில் எல்லோருக்கும் அவள் பீபிம்மா. பத்தொன்பது வருஷச் சர்வீஸ், குரலில் ஒரு கரகரப்பு, இடுப்பில் ஒரு கொத்துச் சாவி. பென்ஷனுக்குப் பதினோரு மாதம் பாக்கி என்பதை வாரத்துக்கு ஒரு தடவையாவது யாரிடமாவது சொல்லாமல் இருக்கமாட்டாள். கண்டிப்பு ஜாஸ்தி. ஆனால் சவுரியம்மாளுக்குப் பசி மயக்கம் வந்த அன்று தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தவளும் அவள்தான்.

அன்று காலை கடைசிப் பாடம் பூட்டு. மூன்றாம் வார்டுப் பெண்கள் முற்றத்தில் நெல் குத்திக்கொண்டிருந்தார்கள். வார்டு காலியாக இருந்ததால் பீபிம்மா சவுரியம்மாளின் கண்ணைத் துணியால் கட்டி, மூன்றாம் வார்டுச் சாவியைக் கையில் கொடுத்தாள். இரவில் விளக்கு அணைந்தாலும், மழையில் லாந்தர் நனைந்தாலும் வார்டர் கை தடுமாறக் கூடாது. பூட்டின் வாயைக் கட்டை விரலால் தேடி, சாவியை நேராக விட்டு, ஒரே திருப்பில் திறக்க வேண்டும். பூட்டும்போதும் அப்படியே. சவுரியம்மாள் பத்துத் தடவை திறந்து பத்துத் தடவை பூட்டினாள். பதினோராவது தடவை திறந்தபோது வாசலிலிருந்து ஆள் ஓடிவந்து, துரை இப்போதே ஆஸ்பத்திரி வார்டைப் பார்க்க வந்திருக்கிறார், பீபிம்மாவைக் கூப்பிடுகிறார் என்றான்.

பீபிம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடினாள். போகிற போக்கில், நீ சாப்பிடப் போய்விட்டு இரண்டு மணிக்கு வந்துவிடு என்று சொன்னாள்.

சவுரியம்மாள் கண் துணியை அவிழ்த்தாள். கையில் இருந்த சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். இதை அவள் யோசித்துச் செய்யவில்லை. கல்யாணமான நாள்முதல் எந்தச் சாவியைக் கையில் வைத்திருந்தாலும் அவள் கை அதை இடுப்புக்குத்தான் கொண்டுபோகும். வீட்டுச் சாவி அங்கே ஏற்கெனவே இருந்தது. அதன் பக்கத்தில் இதுவும் போய் உட்கார்ந்துகொண்டது.

வெளியே போகிற பெண்களைச் சோதிப்பது பீபிம்மா வேலை. பீபிம்மா துரையோடு இருந்தாள். வாசல் வார்டர் வேதாசலம், பெண்பிள்ளையை நான் எப்படித் தொட்டுப் பார்ப்பது என்ற தர்மசங்கடத்தில் கதவைத் திறந்துவிட்டார். அப்படித்தான் மூன்றாம் வார்டுச் சாவி பட்டப்பகலில் ஜெயிலைவிட்டு வெளியே வந்தது.

வீடு கூப்பிடு தூரம்தான். ஒரு கூடம், ஒரு சமையல் மூலை, பின்பக்கம் ஒரு கொட்டகை. கொட்டகை தம்பி ரத்தினசாமியின் ராஜ்யம். பஜார் சேணக் கடைக்கு வாரும் பெல்ட்டும் தைத்துக் கொடுக்கிறான். வாசற்படி ஏறியதும் சவுரியம்மாள் வழக்கம்போல இடுப்பில் இருந்ததை உருவி, மாதா படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். வழக்கம்போல அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. சுந்தரிக்கு நேற்றிலிருந்து உடம்பு சுட்டது. கஞ்சி ஊட்டி, நெற்றியில் பற்றுப் போட்டு, குழந்தையைத் தட்டிக்கொண்டே தானும் கொஞ்சம் சாய்ந்தாள். சாய்ந்தபடியே விதிகளை முணுமுணுத்தாள். எப்போது கண் அசந்தாள் என்று அவளுக்குத் தெரியாது.

விழித்துக்கொண்டு, நேரமாகிவிட்டதே என்று அலறிப் புடைத்து எழுந்து ஆணியில் கைவைத்தாள். கைக்கு இரண்டு சாவி வந்தது. ஒன்று அவள் வீட்டுச் சாவி, சுண்டுவிரல் நீளம். மற்றது ஒரு சாண் இரும்பு, வளையத்தில் மூன்று என்று வெட்டியிருந்தது.

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாவியைத் தொலைத்த வார்டருக்கு வேலையும் போகும், ஆறு மாதச் சிறையும் கிடைக்கும். இதைப் பீபிம்மா முதல் நாளே சொல்லிவிட்டுத்தான் மற்றப் பாடத்தைத் தொடங்கினாள். ஆறு மாதம். சுந்தரியை யார் கொண்டுபோவார் என்று கேட்கவே வேண்டாம். அதோடு அந்தச் சாவியைக் காலையில் கையெழுத்துப் போட்டு வாங்கியவள் பீபிம்மா. பத்தொன்பது வருஷமும் பதினோரு மாதமும் அந்த இரும்போடு சேர்ந்து அவள் கையில் கனத்தன.

ரத்தினசாமி கொட்டகை வாசலில் வந்து நின்றான். "இன்னாக்கா, மூஞ்சி வெளுத்துப் போச்சு?"

பரீட்சை பயம் என்று சொல்லிவிட்டு அவள் சாவியை முந்தானைக்குள் மறைத்தாள். சாவி ஈரமாக இருந்தது. தன் கை வியர்வை என்று நினைத்துக்கொண்டாள்.

ஜெயில்வரை நடந்தது அவளுக்கு நினைவில்லை. நினைவில் இருந்தது ஒரே கேள்வி. எங்கே ஒளித்து உள்ளே கொண்டுபோவது? கொண்டைக்குள் வைக்கலாம் என்று தோன்றியது. உடனே பீபிம்மாவின் குரல் காதில் கேட்டது. பெண் கைதியைச் சோதிக்கும்போது முதலில் கொண்டையைப் பார். பிறகு அக்குள், பிறகு இடுப்பு மடிப்பு, கொசுவம், பாவாடை விளிம்பு, கடைசியில் உள்ளங்கால். கையில் துணி மூட்டை இருந்தால் அவிழ்த்து உதறு. மூன்று மாதம் வரிசையாகப் படித்துக்கொண்ட பாடம், அவளுக்கு ஒளிக்க ஓர் இடம்கூட மிச்சம் வைக்கவில்லை. திருடிக்கொண்டு போகிறவளுக்குக்கூட இவ்வளவு பயம் இருந்திருக்காது. இவளோ திருப்பிக் கொடுக்கப் போகிறவள். கடைசியில் சாவி பழக்கம்போல இடுப்பு மடிப்புக்கே போயிற்று.

வாசல் தெரிந்தது. வேதாசலம் தெரிந்தார். அவர் பக்கத்தில், வழக்கமாக அந்த நேரத்தில் அங்கே இருக்காத பீபிம்மா தெரிந்தாள்.

பீபிம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. மதியம் கைதிகளை உள்ளே விட்டுப் பூட்டப் போனபோதுதான் அவளுக்குச் சாவி நினைவு வந்திருக்கிறது. தேடினாள், இல்லை. உடனே மேலே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பூட்டுக்கு எண்ணெய் விட்டிருக்கிறேன், ஊறட்டும் என்று ஒரு பொய்யைச் சொல்லி, திறந்துகிடந்த வார்டு வாசலில் நாற்காலி போட்டு ஒன்றரை மணி நேரம் தானே உட்கார்ந்திருந்தாள். உள்ளே பதினோரு பெண்கள். பிறகு இன்னொரு வார்டரம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"கையத் தூக்கு," என்றாள் பீபிம்மா.

சவுரியம்மாள் கையைத் தூக்கினாள். வேதாசலம் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். பீபிம்மாவின் விரல்கள் கொண்டையைத் தொட்டன, அக்குளைத் தொட்டன, இடுப்பு மடிப்புக்கு வந்தன. அங்கே நின்றன. சவுரியம்மாளின் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. பீபிம்மா அவளைப் பார்க்கவில்லை. மூச்சு மட்டும் ஒருமுறை நீளமாக வெளியே வந்தது. சாவி இடுப்பிலிருந்து நழுவிப் பீபிம்மாவின் ரவிக்கைக் கைக்குள் போயிற்று. விரல்கள் நிற்காமல் கொசுவத்துக்கும் விளிம்புக்கும் இறங்கி வேலையை முடித்தன.

"ஒண்ணும் இல்ல. உள்ள விடுங்க," என்றாள் வேதாசலத்திடம்.

உள்ளே போனதும் திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று சவுரியம்மாள் எதிர்பார்த்தாள். பீபிம்மா கிணற்றடியில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டாள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்டாள். யாரும் பார்க்கவில்லை என்றாள் சவுரியம்மாள். வீட்டில் யார் இருந்தார்கள்? குழந்தையும் தம்பியும். சாவி எங்கே இருந்தது? ஆணியில். எவ்வளவு நேரம்? சவுரியம்மாள் கண் அசந்ததைச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் என்றாள்.

நான்கு மணிக்குத் துரை வந்தார். பின்னால் ஜெயிலர், அவருக்குப் பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு ஒரு குமாஸ்தா. துரை கறாரான மனிதர், ஆனால் கெட்டவர் இல்லை. தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவார். டிரில் பார்த்தார். விசில் ஊதச் சொன்னார். கைதிகளை இரண்டிரண்டாக உட்காரவைத்துத் தலை எண்ணச் சொன்னார். சவுரியம்மாள் எண்ணி, பதினொன்று சரி என்று சொன்னாள். கடைசி வரிசையில் இருந்தவள் அமிர்தவள்ளி. மேஸ்திரியாக இருந்த புருஷனுக்குக் கள்ளில் விஷம் வைத்தாள் என்று வழக்கு. விசாரணை முடியவில்லை. வந்து மூன்று வாரமாகிறது, யாரோடும் பேசுவதில்லை. மற்றப் பெண்கள் துரையைப் பார்த்துக் கும்பிட்டபோது அவள் சவுரியம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பூட்டு. கண்ணைக் கட்டினார்கள். பீபிம்மா சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தாள். பயத்தில் கை வியர்த்தது. ஆனாலும் விரலுக்குப் பாடம் மறக்கவில்லை. பூட்டின் வாயைத் தேடியது, சாவியை விட்டது, ஒரே திருப்பு. பூட்டு திறந்தது. மறுபடி பூட்டினாள். ஜெயிலர் பலே என்றார்.

துணியை அவிழ்த்ததும் சவுரியம்மாள் தன் கையைப் பார்த்தாள்.

கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கறுத்திருந்தன. எண்ணெய்க் கறுப்பு இல்லை, துருவும் இல்லை. மைக் கூட்டில் தோய்த்ததுபோல நீலம் பாய்ந்த கறுப்பு. சாவியின் பல்லிடுக்கிலும் அதே கறுப்பு ஈரமாகக் கசிந்திருந்தது.

ஆம்பூரில் தோல் ஷாப்பு வாசலில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் அந்தக் கறுப்பைத் தெரியும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் ஈரமாக இருக்கும்போது இரும்பு பட்டால் இப்படித்தான் மை பிடிக்கும். அதனால்தான் ஊறல் தொட்டிப் பக்கம் இரும்பு வாளியைக்கூடக் கொண்டுபோக விடமாட்டார்கள். ஒரு ஆணி விழுந்து ஒரு கட்டுத் தோல் கெட்டது என்று ஆரோக்கியசாமி ஒரு நாள் முழுக்கப் புலம்பியிருக்கிறான். ஊறிய தோல் மெழுகு மாதிரி. எதை வைத்து அழுத்தினாலும் அதன் உருவத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும், காய்ந்தால் கல்லாகிவிடும்.

அவள் தூங்கிய நேரத்தில் இந்தச் சாவி ஈரத் தோலில் அழுந்தியிருக்கிறது. அந்த வீட்டில் ஈரத் தோல் வைத்திருக்கிறவன் ஒருவன்தான்.

இவ்வளவு நேரம் பட்டதெல்லாம் பயமே இல்லை என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது.

"கை என்ன?" என்றார் துரை.

"பூட்டு எண்ணெய், ஹுஸூர்," என்று பீபிம்மா முந்திக்கொண்டாள். பாவம், அவள் அதைத்தான் நம்பினாள். வேலூர் பஜாரில் வளர்ந்தவளுக்குத் தோல் ஊறல் சங்கதி எங்கே தெரியும்?

துரை தலையாட்டிவிட்டு விதிகளுக்கு வந்தார். நெருப்புப் பிடித்தால் என்ன செய்வாய் என்று கேட்டார், சொன்னாள். கைதி உணவு மறுத்தால் யாரிடம் சொல்வாய் என்று கேட்டார், சொன்னாள். தன் குரல் தன்னுடையதாகவே அவளுக்குக் கேட்கவில்லை.

"சாவி உன் கையைவிட்டுப் போய்த் திரும்பக் கிடைத்துவிட்டது. என்ன செய்வாய்?"

பீபிம்மா தரையைப் பார்த்தாள்.

சவுரியம்மாள் கறுத்த விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, மனப்பாடம் செய்தபடியே சொன்னாள். உடனே மேலதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். சாவி கிடைத்தாலும் அன்று பொழுது சாய்வதற்குள் அந்தப் பூட்டை மாற்ற வேண்டும்.

"சாவிதான் கிடைத்துவிட்டதே. பூட்டை ஏன் மாற்ற வேண்டும்?"

"அச்சு எடுத்திருப்பாங்க, துரை," என்றாள் சவுரியம்மாள்.

துரைக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துப்போயிற்று. புத்தகத்தில் இல்லாததை யோசித்துச் சொல்கிறாள் பார் என்று ஜெயிலரிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிரித்தார். சாதாரணமாக உத்தரவு வர ஒரு வாரம் ஆகும். மூன்றாம் வார்டு இரவுக் காவல்காரம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஆள் கம்மி என்று ஜெயிலர் சொல்ல, துரை அங்கேயே குமாஸ்தாவின் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

எல்லோரும் போனபிறகு சவுரியம்மாள் பீபிம்மாவின் கையைப் பிடித்தாள். சொல்லிவிடத்தான் பிடித்தாள். கையை விரித்துக் காட்டி, இது எண்ணெய் இல்லை என்று சொல்லிவிட்டால் நெஞ்சுப் பாரம் இறங்கிவிடும். அதோடு தம்பியும் போவான், பீபிம்மாவும் போவாள், சுந்தரியும் போவாள். கறுத்த விரல்களை மறுபடி மடக்கிக்கொண்டாள்.

பீபிம்மா அவள் தலையைத் தடவினாள். "போனது போச்சு, மறந்துடு. பொண்ணுக்கு இன்னாவாச்சும் வாங்கிட்டுப் போ," என்றாள். அந்த அன்பு தாங்காமல்தான் சவுரியம்மாள் வாசல்வரை அழுதுகொண்டே போனாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து வேதாசலம் வாழ்த்துச் சொன்னார்.

வீட்டுக்குப் போனபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சுந்தரி ஜுரம் விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். கொட்டகையில் ரத்தினசாமி தொட்டித் தண்ணீரைக் கொட்டிக் கழுவிக்கொண்டிருந்தான். சவுரியம்மாள் அவன் முன்னால் போய் நின்று, வலது கையை அவன் முகத்துக்கு நேராக விரித்தாள்.

அவன் பார்த்தான். தோல்காரன் அல்லவா, ஒரு வார்த்தை விளக்கம் தேவைப்படவில்லை. கையில் இருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தான்.

"யாருக்காகடா?"

"அமிர்தவள்ளிக்காக," என்றான்.

அவளை உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். எத்தனை நாளாகத் தெரியும், என்னை அந்த ஜெயிலில் சேர்க்கும்போதே தெரியுமா என்று கேட்டாள். குழந்தை எழுந்துவிடக் கூடாதே என்று எல்லாவற்றையும் கிசுகிசுப்பாகவே கேட்டாள். அவள் வந்து மூன்று வாரம்தானே ஆகிறது, உன்னைச் சேர்த்தபோது நான் எதையும் நினைக்கவில்லை, மாதா மேல் ஆணை என்றான் அவன். அதை அவள் நம்பினாள். மற்றக் கேள்விக்கெல்லாம் அவன் ஒரே பதிலைத்தான் சொன்னான்.

"அந்த ஆளை அவ கொல்லலக்கா."

"நான் கேட்டது அது இல்ல."

"நான் சொல்றது அதுதான். அவ கொல்லல. எனக்குத் தெரியும்." சொல்லிவிட்டுத் தன் இரண்டு கைகளையும் பார்த்தான். அடுத்த கேள்வியைச் சவுரியம்மாள் கேட்கவில்லை. கேட்டால் அவன் பதில் சொல்லிவிடுவான் என்று பயந்தாள்.

அச்செடுத்த தோல் எங்கே, அதை இப்போதே அடுப்பில் போடு என்றாள். அது இங்கே இல்லை என்றான். மத்தியானமே கைமாறிவிட்டது. சாவி அடிக்கிறவன் யார், வாங்கிக்கொண்டு போனவர்கள் யார் என்று அவள் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவன், அவர்களைத் தேடிப் போனாலும் திருப்பித் தரமாட்டார்கள் என்று மட்டும் சொன்னான். பிறகு, அவளைத் தேற்றுகிற மாதிரி, அக்கா மேல் ஒரு பழியும் வராது, அதையெல்லாம் யோசித்துத்தான் நாள் குறித்திருக்கிறோம் என்றான்.

"உத்தரவு வர ஒரு வாரம் ஆகும்னு நீதானே சொன்னே? அதுக்குள்ள முடிஞ்சிடும்க்கா. நாளைக்கு ராத்திரியோட முடிஞ்சிடும். காவல்ல இருக்கிற அந்தம்மாவ மட்டும் அவங்க பாத்துக்குவாங்க."

சவுரியம்மாள் இடுப்பிலிருந்து துரை கொடுத்த தாளை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

ரத்தினசாமி வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்துப் படித்தான். பெயர் சவுரியம்மாள். இடம் மூன்றாம் வார்டு. இரவுக் காவல், தனியாள். நாளை மாலை ஆறு மணி முதல்.

அவன் அதை இரண்டாவது தடவையும் படித்தான். பிறகு ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.